பிறந்த அன்று குவியும் உதவி, மூன்றாம் மாதம் எங்கே போகிறது?

தேனி மாவட்டத்துக் கம்பத்திலிருந்து லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் கேரளத்தின் குமுளி. பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் பயணம். ஆடி மாதத்தில் கம்பத்தில் காலையில் கொடியில் போட்ட துணி மதியச் சாப்பாட்டுக்குள் காய்ந்துவிடும். அதே நாளில் மேலே வண்டிப்பெரியாற்றிலோ பீருமேட்டிலோ விரித்த துணி மூன்றாம் நாளும் சில்லென்றிருக்கும். தென்மேற்குப் பருவமழையை மலையின் மேற்குச் சரிவு முழுதாக வாங்கிக்கொள்கிறது. கம்பம் பள்ளத்தாக்குக்குக் காற்று மட்டும்தான் மிஞ்சுகிறது. கைக்குழந்தை இருக்கும் ஏழை வீட்டுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது இதைத்தான். ஏனென்றால் இந்த எல்லைப் பகுதியில் பிள்ளை பிறப்பது ஓரிடம், வளர்வது வேறிடம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது இங்கே இன்னும் பெரும்பாலும் மாறாத வழக்கம். வண்டிப்பெரியாற்றில் லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வாழ்க்கைப்பட்ட பெண், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் கம்பத்துக்கோ கூடலூருக்கோ சின்னமனூருக்கோ வந்துவிடுகிறாள். கம்பம் அரசு மருத்துவமனையிலோ, சிக்கல் என்றால் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரியிலோ பிரசவம் நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு மலையேறுகிறாள். பாலக்காட்டுப் பக்கம் சித்தூர் வட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர்களுக்குப் பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் இப்படித்தான். ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர், குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்குத் திருத்தணியும் வேலூரும் கிருஷ்ணகிரியும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள்.

1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தமிழர் நிறைந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் கேரளத்தோடு நின்றன. கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையின் பெரும்பகுதியும் தமிழகத்துக்கு வந்தன. கோடு போட்ட பிறகும் சம்பந்தம் பேசுவது நிற்கவில்லை. ஆனால் அரசு கொடுக்கும் உதவிகள் எல்லாம் அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகின்றன.

அரசு உதவி என்று வந்தால், குழந்தைக்கான பொருட்களைப் பெட்டியாகக் கொடுக்கும் வழக்கம் தென்னிந்தியாவில் பல மாநிலங்களில் வந்தது. தமிழகத்தில் 2015 செப்டம்பரில் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த ‘அம்மா குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகம்’, அரசு மருத்துவமனையில் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் 16 பொருட்களைக் கொடுத்தது. துண்டு, சட்டை, படுக்கை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை என்று குழந்தைக்கு. கை கழுவும் திரவமும் குளியல் சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் தாய்க்கு. ஆந்திரத்தில் என்.டி.ஆர். பெயரில் அப்படி ஒரு பெட்டி வந்தது. தெலங்கானாவில் 2017இல் கே.சி.ஆர். பெட்டி வந்தது, அதோடு ஆண் குழந்தைக்கு 12,000, பெண் குழந்தைக்கு 13,000 ரூபாய் தவணைகளாகக் கிடைத்தது. ஆட்சி மாறும்போது பெட்டியின் பெயர் மாறுவதும், சில இடங்களில் பெட்டியே நின்றுபோவதும் நமக்குப் பழகிய காட்சி.

இந்தப் பெட்டிகளுக்கெல்லாம் மூத்தது பின்லாந்தில் இருக்கிறது. 1938 முதல் அந்த நாடு ஏழைத் தாய்மார்களுக்குக் குழந்தைத் துணிமணி அடங்கிய பெட்டியைக் கொடுக்கத் தொடங்கியது. 1949இல் அதை எல்லாத் தாய்மார்களுக்கும் உரியதாக்கியபோது ஒரு நிபந்தனையும் சேர்ந்தது: கருவுற்ற நான்காம் மாதம் முடிவதற்குள் மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும். பெட்டி வேண்டும் என்பதற்காகவே பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் வந்தார்கள். துணியும் படுக்கையும் அவர்களை வாசல்வரை அழைத்துவந்தன. இரத்தச்சோகையும் தொற்றும் உள்ளே கண்டுபிடிக்கப்பட்டன. பின்லாந்தின் சிசு மரணம் குறைந்ததற்குப் பெட்டியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஆனால் பொருளையும் பரிசோதனையையும் சேர்த்து முடிந்த அந்த முடிச்சு மிகவும் புத்திசாலித்தனமானது. நம் ஊர் நன்கொடையாளர்கள் அதை இன்னும் எடுத்தாளவில்லை. அந்த இடத்துக்குப் பின்னால் வருகிறேன்.

இப்போதைய நிலை என்னவென்றால், எல்லா உதவியும் பிரசவ நாளைச் சுற்றியே குவிகிறது. அரசுப் பெட்டி அன்று வருகிறது. தாய்மாமன் வெள்ளி அரைஞாணும் தொட்டிலும் கொண்டுவருகிறார். சங்கத்துக்காரர்கள் பழமும் பிஸ்கட்டும் துண்டும் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மதினிமார் ஆளுக்கொரு சட்டை எடுக்கிறார்கள். எல்லாமே பிறந்த குழந்தை அளவு, எல்லாமே பட்டுப்போல் மின்னும் செயற்கை நூல். ஆரோக்கியமான குழந்தையின் எடை ஐந்தாம் மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆகிவிடும். பிறந்த வாரத்தில் வந்த சட்டைகள் மூன்றாம் மாதத்தில் கழுத்துக்குள் நுழையாது. அந்த மூன்றாம் மாதத்தில் யாரும் வருவதில்லை. தாய் வேலைக்குத் திரும்புவது அப்போதுதான். வீட்டில் ஒரு கூலி குறைந்து, கடன் ஏறி, பிள்ளைக்கான செலவு கூடியிருப்பதும் அப்போதுதான்.

தாய் எவ்வளவு சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறாள் என்பது அவள் எந்த வகைத் தொழிலாளி என்பதைப் பொறுத்தது. மூணாறு, பீருமேடு தேயிலைத் தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளிக்கு, மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் கம்பம், போடி, உத்தமபாளையம் பக்கத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்களுக்கு இதெல்லாம் எட்டாத ஏற்பாடு. அவர்கள் அன்றாடங்காய்ச்சிகள். போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்கு ஒன்றும் இல்லை. காய் எடுப்பு மும்முரமாக இருக்கும் மாதங்களில் வீட்டில் உட்கார்ந்திருப்பது அவர்களால் தாங்க முடியாத செலவு. விடிகாலையில் கிளம்பிய தாய் திரும்பும்போது பொழுது சாய்ந்திருக்கும். அதுவரை பிள்ளை அம்மாச்சியின் மடியில்.

அந்த வீட்டுக்குள் போகும் நல்ல மனிதர் முதலில் செய்வது, கடைத்தெருவில் ஒரு பால்மாவு டின்னும் ஒரு பாட்டிலும் வாங்கிவந்து கொடுப்பது. பசியில் அழும் குழந்தையைப் பார்த்த எவருக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதைச் செய்யக் கூடாது.

முதலில் சட்டம். குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருட்கள், பாலூட்டும் புட்டிகள் பற்றி 1992இல் இயற்றி 2003இல் திருத்திய மத்தியச் சட்டம், இவற்றை அனாதை இல்லங்களைத் தவிர வேறு யாருக்கும் நன்கொடையாகக் கொடுக்கக் கூடாது என்கிறது. தாய்ப்பால் கொடுக்கவே இயலாத, வாங்கவும் வசதியில்லாத தாய்க்கு மருத்துவ அமைப்பின் வழியாகக் கொடுக்க அதிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். தாயை இழந்த குழந்தைக்கும் இப்படித்தான் மருத்துவர் வழியாகப் பால் ஏற்பாடு செய்ய வேண்டும். சங்கத்தின் பெயரைப் போட்ட பையில் வைத்துத் தெருவில் கொடுக்க வழியில்லை. இப்படி ஒரு சட்டம் இருப்பதே நம் ஊர்களில் உதவி செய்கிறவர்களில் பலருக்குத் தெரியாது.

சட்டத்தை விட்டுவிட்டுக் கணக்கை மட்டும் பார்ப்போம். மூன்று மாதக் குழந்தை ஐந்தரை கிலோ இருக்கும். கிலோவுக்கு 150 மில்லி என்று வைத்தால் ஒரு நாளைக்கு 800 மில்லிக்கு மேல் பால் வேண்டும். முப்பது மில்லி தண்ணீருக்கு ஒரு கரண்டி மாவு. கரண்டி ஏறக்குறைய நாலரை கிராம். நாளொன்றுக்கு 120 கிராம் மாவு ஆகிறது. 400 கிராம் டின் நான்காம் நாளைத் தாண்டாது. மாதத்துக்கு 9 டின். ஒரு டின் 400 ரூபாயைத் தாண்டுகிறது என்றால் மாதம் 3,600 ரூபாய். ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு டின் தீர்ந்த அன்று அந்த வீட்டின் கையில் அந்தப் பணம் இருக்காது. அதற்குள் குழந்தை பாட்டிலுக்குப் பழகியிருக்கும். சப்பாமல் விட்ட மார்பில் பால் வற்றத் தொடங்கியிருக்கும்.

பிறகு அம்மாச்சி என்ன செய்வார்? டின்னை இழுத்துப் பிடிப்பார். கரண்டியை வழித்துப் போட வேண்டிய இடத்தில் முக்கால் கரண்டி. இரண்டு கரண்டி போட வேண்டிய இடத்தில் ஒன்று. பார்வைக்குப் பால் வெள்ளையாகத்தான் இருக்கும். குழந்தை வயிறு நிறையக் குடிக்கும், தூங்கும், எடை மட்டும் ஏறாது. அதோடு தண்ணீரைக் கொதிக்கவைக்க விறகு வேண்டும், பாட்டிலின் அடி மூலையைத் தேய்க்கப் பிரஷ் வேண்டும், ரப்பரை வெந்நீரில் போட்டு எடுக்க வேண்டும். ஒரே அறையில் ஐந்து பேர் இருக்கும் லயத்தில் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய முடியாது. வயிற்றுப்போக்கு வருவது இப்படித்தான்.

இதற்கு மாற்றாகக் கொடுக்க வேண்டியது மிகச் சாதாரணப் பொருள். மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டம்ளர்கள் இரண்டு, ஒரு பாலாடை. சங்கு என்று நாம் சொல்லும் அந்தப் பாலாடையைப் பச்சிளம் குழந்தை மருத்துவர்கள் இன்றும் பரிந்துரைக்கிறார்கள். மூலை முடுக்கு இல்லாத பாத்திரம் என்பதால் விரலாலேயே தேய்த்துக் கழுவிவிடலாம். தாய் கிளம்புமுன் கையால் பீச்சி வைத்த பால், குளிர்ந்த மூலையில் மூடி வைத்தால் நான்கு மணி நேரம் வரை தாங்கும். பக்கத்து வீட்டிலோ அங்கன்வாடிக்கு அருகிலோ ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்து, அதில் ஒரு தட்டு ஒதுக்கித் தந்தால் மாலைவரை கவலையில்லை. பால் பீச்சக் கற்றுத்தர ஒரு நர்ஸம்மாவோ ஆஷா பணியாளரோ அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். நன்கொடையாளர்கள் அந்த அரை மணி நேரத்துக்கு வழி செய்தால் அது 9 டின்னுக்கும் மேலான உதவி. தாய்க்கு மதியம் நல்ல சாப்பாடு கிடைக்கச் செய்வதும் குழந்தைக்குப் பால் கொடுப்பதேதான்.

அடுத்தது துணி. நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளை முதல் வாரத்துக்குப் பிறகு நாளொன்றுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கும், மலம் தனி. எட்டு முதல் பத்துத் துணி ஒரு நாளைக்கு. கம்பத்தில் பன்னிரண்டு துணி இருந்தால் ஒரு குழந்தையை வளர்த்துவிடலாம். மலையில் மழை மாதங்களில் மூன்று நாளுக்கான துணி கையில் இருக்க வேண்டும், அதாவது முப்பது. இந்த முப்பதைக் கணக்கில் எடுத்த பெட்டி எதையும் நான் பார்த்ததில்லை.

லயத்து வீடுகளில் மழைநாளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடுப்புக்கு மேலே சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கயிறு. அதில் வரிசையாகக் குழந்தைத் துணி. கீழே விறகு புகைந்துகொண்டிருக்கும். பாட்டி ஒவ்வொரு துணியாக எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார்; ஈரம் கையை ஏமாற்றும், கன்னத்தை ஏமாற்றாது என்பது அவர் அனுபவம். சிலதைத் திரும்பக் கயிற்றில் போடுவார், ஒன்றைத் தன் மடிக்குள் வைத்துச் சூடேற்றிப் பிள்ளைக்குக் கட்டுவார். துணி காய்ந்தாலும் புகை நாற்றம் போகாது. அரைகுறை ஈரத்தில் கிடக்கும் பிள்ளைக்குத் தொடை இடுக்கு வெந்து சிவந்துபோகும். சளி பிடிக்கும். அந்தப் புகையையே குழந்தையும் சுவாசிக்கும்.

கடையில் விற்கும் டயப்பரை வாங்கிக் கொடுத்துவிடலாமே என்பார்கள். மருத்துவமனைக்குப் போகிற நாளுக்கும் இரவுக்கும் அது உதவும், மறுக்கவில்லை. தினசரிப் பழக்கமாக்கினால் பால்மாவுக் கணக்கே இங்கும் வரும். குப்பை வண்டி வராத தோட்டத்தில் அது கடைசியில் போய்ச் சேருமிடம் ஓடை. கீழே அதே ஓடைத் தண்ணீரைத்தான் குடிக்கக் காய்ச்சுகிறார்கள்.

நல்ல பருத்தித் துணி நம்மிடம் இல்லாத பொருளா? தமிழ் வீடுகளில் பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வாழ்ந்த பெரியவர்களின் பழைய வேட்டியிலும் சேலையிலும் கிழித்த துணியைத்தான் முதலில் போடுவார்கள். பலமுறை துவைத்து மெலிந்த பருத்திபோல் குழந்தைத் தோலுக்கு இதமானது வேறில்லை. இன்று பெரியவர்களும் பாலியெஸ்டர் கட்டுவதால் அந்தப் பழந்துணியும் ஏழை வீட்டில் அருகிவிட்டது. அதனால் பழைய நூல் சேலை, கைத்தறி வேட்டி சேர்த்துக் கொதிநீரில் அலசி, வெயிலில் உலர்த்தி, ஒரே அளவாக வெட்டி ஓரம் அடித்துக் கொடுப்பது பெரிய உதவி. வெயில் உள்ள கம்பத்தில் அலசி உலர்த்தித் தைத்து மேலே அனுப்பலாம்; இது இரண்டு ஊருக்கும் பொருந்திவரும் வேலை. கேரளத்தின் குடும்பஸ்ரீ மகளிர் குழுவோ தமிழகத்தின் மகளிர் சுயஉதவிக் குழுவோ தைத்தால் அவர்களுக்கும் கூலி.

சட்டைகளுக்கு வேறு வழி. ஒரு அளவுச் சட்டையை ஒரு குழந்தை இரண்டு மூன்று மாதம்தான் போடும். அதற்குள் சட்டை கிழிந்துவிடாது. லயத்துக்கு ஒரு பெட்டி வைத்து, அளவுவாரியாக அடுக்கி, வாங்கிப் போட்டுவிட்டுத் துவைத்துத் திருப்பிக் கொடுக்கும்படி செய்தால் முப்பது சட்டை பத்துப் பிள்ளைகளை வளர்த்துவிடும். முத்து, ஜிகினா, ஊக்கு, கழுத்தில் நாடா உள்ளவற்றை ஆரம்பத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும்.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூணாற்றில் மார்கழி, தை மாதங்களில் சில இரவுகள் உறைநிலையைத் தொட்டுவிடும். பச்சிளம் குழந்தை உடல் சூட்டைத் தலை வழியாகவும் நிறைய இழக்கிறது. இரண்டரை கிலோவுக்குக் குறைந்து பிறந்த பிள்ளைக்குச் சூடு குறைவதே உயிராபத்து. சமவெளியை நினைத்துப் போட்ட பட்டியலில் கொசுவலை முன்னால் நிற்கிறது, சரிதான். மலைக்குக் குல்லாவும் காலுறையும் கம்பளிச் சால்வையும் முன்னால் நிற்க வேண்டும். எடை குறைந்த பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டி வைத்திருக்கும் முறையை 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில் மருத்துவர்கள் தொடங்கினார்கள். இன்குபேட்டர் போதாத ஊரில் பிறந்த வழி இன்று உலகமெங்கும் செல்கிறது. அதற்கு வேண்டியது நீளமான, இழுத்துக் கட்டக்கூடிய ஒரு பருத்தித் துணியும், தாய் பிள்ளையை அப்படி அணைத்திருக்கும் நேரத்தில் வீட்டு வேலையை வேறு யாராவது பார்த்துக்கொள்வதும்தான். தகப்பனும் பிள்ளையை அப்படி அணைத்துக்கொள்ளலாம். இதை வீட்டுக்காரர்களிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

பவுடர், கண்மை, வாசனை எண்ணெய் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் பிள்ளையின் மூச்சுக்கு ஆகாது. பிறந்தவுடன் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனை வழக்கத்தைப் பாட்டிமார் மனம் நோகாமல் விடச் செய்வது நர்ஸம்மாக்களின் நெடுநாள் போராட்டம். தேன் புட்டி வைத்த அன்பளிப்புப் பை ஒன்று வந்தால் அந்தப் போராட்டம் பின்னுக்குப் போகிறது.

இனி காகிதத்துக்கு வருவோம். எல்லைக் குடும்பங்களில் பலதும் தவறிப்போவது இங்கேதான். தமிழகத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 1987இல் தொடங்கி, 2018 முதல் 18,000 ரூபாயாக இருக்கிறது: 14,000 ரொக்கம், 4,000 ரூபாய்க்குச் சத்து மாவு, பேரீச்சை, நெய் முதலியன அடங்கிய இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். (மேலே போட்ட பால்மாவுக் கணக்கில் இந்த 14,000 நான்கு மாதத்தைத் தாண்டாது.) கேரளத்தில் குடியிருப்பவர்களுக்கு மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய். பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் கேரள அங்கன்வாடியில் அமிர்தம் நியூட்ரிமிக்ஸ் கிடைக்கும். கோதுமை, கடலைப்பருப்பு, சோயா, நிலக்கடலை, சர்க்கரை சேர்த்துக் குடும்பஸ்ரீ பெண்கள் அரைத்துப் பொட்டலம் போடுவது. தமிழக அங்கன்வாடியில் அதே இடத்தில் சத்து மாவு. இரண்டுமே ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள பிள்ளைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவு. 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் ஒரு நாளைக்குக் கிடைக்க வேண்டும் என்பது கணக்கு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி இது குழந்தையின் உரிமை, யாருடைய தயவும் இல்லை. கர்ப்பிணிக்கும், பிரசவமான ஆறு மாதம்வரை தாய்க்கும் அங்கன்வாடி உணவு அதே சட்டத்தில் உரிமை.

ஆனால் பெயர் வண்டிப்பெரியாற்று அங்கன்வாடியில் இருக்க, பெண் கம்பத்தில் ஐந்து மாதம் இருந்தால்? மேலே அங்கன்வாடி உணவை வாங்க ஆளில்லை. கீழே “உங்கள் பெயர் இங்கே இல்லையே அக்கா” என்று சொல்லிவிடுகிறார்கள். ரேஷன் அரிசியை நாட்டில் எங்கே வேண்டுமானாலும் வாங்கலாம் என்ற ஏற்பாடு தமிழகத்திலும் கேரளத்திலும் 2020இலேயே வந்துவிட்டது. அங்கன்வாடிப் பயனாளிகளையும் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றலாம். அங்கன்வாடிப் பதிவுகளுக்காக 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் அதற்கு வசதி உண்டு. அதைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள்தான் குறைவு. மொழியும் குறுக்கே நிற்கிறது. தாய் சேய் நல அட்டை ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் நிரப்பப்பட்டு வருகிறது. தமிழ் மட்டும் படித்த மருமகளுக்கு மலையாளத்தில் எழுதிய எடைக் கோடு புரிவதில்லை.

மாதாமாதம் கொடுப்பதால் என்ன நடக்கும் என்பதற்கு கேரளத்தின் அட்டப்பாடியைப் பார்க்கலாம். ஆனைகட்டி தாண்டியதும் வரும் அந்த மலைப்பகுதியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகளின் மரணங்கள் நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தன. தாயின் இரத்தச்சோகையும் ஊட்டக் குறைவும், அதனால் எடை குறைந்து பிறந்த பிள்ளையும் என்றுதான் காரணங்கள் பேசப்பட்டன. பெட்டியில் எத்தனை சோப்பு வைத்தாலும் அதைத் தடுத்திருக்க முடியாது. அதன் பிறகு ஊர்ச் சமையற்கூடங்கள் வந்தன. பழங்குடித் தாய்மாருக்குக் கேரள அரசு கொடுக்கும் ஜனனி ஜன்ம ரக்ஷா உதவி, மாதம் 1,000 ரூபாய் என்று தொடங்கியது; கருவுற்ற மூன்றாம் மாதம் தொடங்கிப் பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை 18 மாதம். பணம் தாமதமாக வருகிறது என்ற குறை அங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் ஒரு குழந்தையின் தேவை எவ்வளவு காலம் நீள்கிறது என்பதை அந்தத் திட்டம் சரியாகப் பிடித்திருக்கிறது. லயத்திலும் ஜீப் ஏறும் தெருவிலும் இருக்கும் தமிழ்த் தாய்மாரில் பெரும்பாலோர் பழங்குடியினர் இல்லை. அவர்களுக்கு இது கிடையாது. உள்ளூர் நன்கொடை நிரப்ப வேண்டிய பள்ளம் இதுதான்.

பின்லாந்தின் முடிச்சை இங்கே போடலாம். நம் நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஆறாம், பத்தாம், பதினான்காம் வாரங்களில் தடுப்பூசிக்கு வர வேண்டும். பிறகு ஒன்பதாம் மாதம் தட்டம்மை-ரூபெல்லா ஊசி. ஊசி எந்த மாநிலத்தில் போட்டாலும் செல்லும், அட்டை இருந்தால் போதும். பொருட்களையும் இந்த நாட்களிலேயே கொடுங்கள். ஆறாம் வாரம் துணிக்கட்டும் குல்லாவும். பத்தாம் வாரம் பாலாடையும் டம்ளரும், பால் பீச்சக் கற்றுத்தருவதும். வேலைக்குப் போகுமுன்னே அது தெரிந்திருக்க வேண்டும். பதினான்காம் வாரம் அடுத்த அளவுச் சட்டைகளும், தாய்க்கு ஒரு மாத நிலக்கடலை, கேழ்வரகு, பருப்பு, எண்ணெயும். ஆறாம் மாதம் ஊசி இல்லை என்பதால் அந்த மாதத்தைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். இணை உணவு தொடங்கும் அந்தச் சமயத்தில் ஒரு சின்னக் கிண்ணமும் கரண்டியும் கொடுத்து, அங்கன்வாடி மாவை எவ்வளவு கெட்டியாகக் காய்ச்ச வேண்டும் என்று ஒருமுறை காட்டினால் போதும். கரண்டியைச் சாய்த்தால் கஞ்சி ஓடக் கூடாது, மெதுவாக விழ வேண்டும். தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சியில் வயிறுதான் நிறையும். ஒன்பதாம் மாதம் பாய்விரிப்பும், தவழும் பிள்ளைக்குக் கால்சட்டையும்.

கொடுக்கும்போது போட்டோ எடுக்காதீர்கள். இதை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும். பிரசவ வார்டில் பேனர் பிடித்து, சேலை சரியாக மூடாத தாயின் கையில் ஐம்பது ரூபாய்த் துண்டைத் திணித்து எடுக்கும் படம் ஊரின் செல்போன்களில் எல்லாம் சுற்றுகிறது. மாமியார் வீட்டிலும் பார்ப்பார்கள். அதற்குப் பயந்து ஊசி நாளன்று சுகாதார நிலையத்துக்கே வராமல் இருந்துவிடும் பெண்கள் உண்டு. அப்படியானால் உதவியே ஊசியைத் தடுத்துவிட்டது. ஊசி போட வந்த எல்லாப் பிள்ளைக்கும் ஒரே கட்டு என்று கொடுத்தால் யார் ஏழை என்று யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை. பின்லாந்து 1949இல் எல்லோருக்கும் கொடுக்கத் தொடங்கியதில் இந்த நன்மையும் இருந்தது.

இதையெல்லாம் நடத்தப் பெரிய அமைப்பு தேவைப்படாது. மலையடிவாரத்தில் ஒரு அங்கன்வாடி டீச்சர், மலைமேல் ஒரு டீச்சர், இருவரிடமும் செல்போன். கம்பத்திலிருந்து ஒரு பிள்ளை மேலே போகும் வாரத்தில் கீழே இருப்பவர் நான்கு விவரங்களைச் சொல்ல வேண்டும்: தாயின் ஆர்.சி.எச். (தாய் சேய் நல) பதிவு எண், பிள்ளையின் கடைசி எடை, அடுத்த ஊசித் தேதி, எந்த லயம். மேலே இருப்பவர் செயலியில் பெயரை மாற்றி வாங்கிக்கொண்டு, துணிக்கட்டை எடுத்து வைத்துக்கொள்வார். நன்கொடையாளர்களின் பணம் போக வேண்டிய முதல் இடம் அந்த இரண்டு டீச்சர்களின் போன் ரீசார்ஜும் லயத்துக்குப் போய்வரும் ஜீப் வாடகையும்தான்; துணியும் பாலாடையும் அதற்குப் பிறகு வாங்கினால் போதும்.